கண்ணாடி கழுத்திலேயே இருந்தது

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நாலு. தங்கச்சி செத்த பிறகு அவளுடைய இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறு பேரையும் படிப்பித்தேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எனக்கு வந்த வருத்தத்தில் (நோயில்) பாதிக் குழப்பம், இதைச் சொல்லாமல் விட்டதால் வந்தது.

ஸ்ரோக் (பக்கவாதம்) வந்தவர்களுக்கும் அவர்களைப் பார்ப்பவர்களுக்கும் என்று எழுதுகிறேன். வாசிக்க முடியாதவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

கனடாவில், ஸ்காபரோவில் நான் தனியாக இருக்கும் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு நூலகம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே எங்கள் ஆட்களின் வாசிப்பு வட்டம் கூடும். மரம், குருவி, பூச்சி பற்றிய புத்தகங்கள்தான். ஆளுக்கு ஒரு பக்கம் சத்தமாக வாசிக்க வேண்டும். பிறகு எல்லோரும் ஓடைக்கரைக்கு இறங்கி, வாசித்ததைத் தேட வேண்டும்.

என் முறை வந்தால், "ஐயோ, கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன்" என்பேன். வட்டத்தை நடத்தும் பத்மா ரீச்சர் என் பக்கத்தையும் சேர்த்து வாசித்துவிடுவார். மூன்று வருடம் இப்படியே போனது. ஆனால் ஓடைக்கரையில் முதலில் கண்டுபிடிப்பது நான்தான். மற்றவர்கள் கையில் இருக்கிற படத்தைப் பார்ப்பார்கள். நான் மரத்தைப் பார்ப்பேன்.

வருத்தம் வந்த சனிக்கிழமை வாசித்தது மரங்கொத்தியைப் பற்றி. ஓடைக்கரையில் சத்தம் கேட்கிறது, குருவியைக் காணவில்லை.

"அக்கா, உங்கட வலப்பக்கம்!" என்றார் சின்னராசா. எங்கள் வட்டத்தில் பகிடிக்காரர் அவர்தான்.

வலப்பக்கம் இருக்கவில்லை. இருட்டு என்றும் சொல்ல முடியாது. இருட்டென்றால் அங்கே ஏதோ இருக்கும். இங்கே ஒன்றுமே இல்லை. திரும்பிச் சின்னராசாவைப் பார்த்தேன்.

"தம்பி, உம்மட மற்றப் பாதி முகம் எங்க?"

"வீட்டில மனிசியிட்டக் குடுத்திட்டு வந்தனான்" என்று சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் உடம்புக்குள்ளே படம் எடுப்பது) எடுத்தார்கள். மூளையின் பின்பக்கத்துக்குப் போகும் இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டிருந்தது. கையும் காலும் தப்பிவிட்டன. இரண்டு கண்ணும் நல்லம், ஆனால் இரண்டுக்கும் வலப்பாதி தெரியாது என்றார் டொக்டர். எனக்கு அது விளங்கவில்லை. இன்றைக்கும் சரியாக விளங்கவில்லை.

பேரை எழுதச் சொன்னார். எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து அதே தாளைக் காட்டினார். எழுத்தென்று தெரிந்தது. என்ன எழுத்தென்று தெரியவில்லை.

"உது ஆர் எழுதினது?" என்று மகள் வாசுகியிடம் கேட்டேன்.

"நீங்கள்தான் அம்மா." அவள் அழத் தொடங்கினாள்.

இதற்கு அலெக்சியா (எழுத வரும், எழுதினதை வாசிக்க வராது) என்று பெயராம். வாசுகி டொக்டரிடம் இங்கிலீஷில் சொன்னாள், அம்மா மாதம் ஒரு புத்தகம் வாசிக்கிறவ என்று. அவ்வளவு இங்கிலீஷ் எனக்கு விளங்கும். புத்தகம் வாசிக்கிற அம்மா என்று என் பிள்ளை பெருமையாகச் சொன்னதை நானே எப்படி உடைப்பது?

பேச்சுச் சிகிச்சைக்கு (பேச்சையும் வாசிப்பையும் திரும்பப் பழக்குவது) மீனா என்ற பிள்ளை வந்தாள். தமிழ்நாட்டுப் பிள்ளை. முழுப் பக்கங்களைக் கொண்டுவந்து முன்னால் வைப்பாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ரெண்டு மாசமாச்சும்மா. முன்னேற்றமே தெரியலையே" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. இதில் வருத்தம் எடுத்துப்போனது எவ்வளவு? எப்போதும் இல்லாதது எவ்வளவு? படுத்திருந்து கணக்குப் பார்த்தேன், பிடிபடவில்லை. அவர்கள் தேடியது என்னிடம் இல்லாத பொருளை. நான் தேடியது ஓடைக்கரையின் வலப்பக்கத்தை. அதை ஒருவரும் கேட்கவில்லை.

வாசுகி முடிவாகச் சொன்னாள்: "இவ்வளவு மோசமெண்டால் நீங்கள் இனித் தனிய இருக்கேலாது. அஜக்ஸுக்கு எங்களோட வாங்கோ."

அஜக்ஸ் என்ற ஊரில் வாசுகிக்குப் பெரிய வீடு, நல்ல பேரப்பிள்ளைகள். ஆனால் கார் இல்லாமல் ஒரு இடமும் போக முடியாது. ஓடை இல்லை, சனிக்கிழமை இல்லை. அன்றைக்குத்தான் மீனாவுக்கு முன்னால் சொன்னேன்.

"பிள்ளை, நான் முந்தியும் இப்பிடி வாசிக்கிறேல்லை. ஒரு வரி முடியிறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிப்போகும்."

வாசுகி என்னையே பார்த்தாள். "அப்ப அந்தப் புத்தகமெல்லாம்?"

"கேட்டனான்."

"எனக்கு முழுசாச் சொன்னீங்களே, அம்மா!"

"ஏன், காதால கேட்டதைச் சொல்ல ஏலாதோ?"

மீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தன் தாளில் இருந்ததைக் கோடு போட்டு வெட்டிவிட்டுப் புதுத் தாள் எடுத்தாள். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? சரி, அ-வுல இருந்து வருவோம்."

கண்ணால் பார்க்கிற எழுத்தை விரலால் உள்ளங்கையில் எழுதப் பழக்கினாள். கண்ணுக்குத் தெரியாததைக் கை சொல்லும். வலப்பக்கத்துக்குத் தலையை முழுதாகத் திருப்பவும் பழக்கினாள். வாசுகி இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஃபோன் எடுத்து, "சரி, பனி விழுறவரைக்கும் நீங்கள் அங்கயே இருங்கோ, பாப்பம்" என்றாள்.

புரட்டாதி மாதத்தில் வட்டத்துக்குத் திரும்பப் போனேன். என் முறை வந்தது.

"எனக்கு வாசிக்க வராது" என்றேன். "வருத்தத்தால இல்லை. முந்தியும் வராது."

சின்னராசா தொண்டையைச் செருமினார். "அக்கா, அது எங்களுக்குத் தெரியும். கண்ணாடியை விட்டிட்டு வந்தன் எண்டு நீங்கள் சொல்லேக்க, அது உங்கட கழுத்தில தொங்கிக்கொண்டு நிக்கும். மூண்டு வருசமா."

கையை நெஞ்சில் வைத்தேன். கயிற்றில் கண்ணாடி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று எழும்பினேன்.

"எழும்பின கையோட வாங்கோ, ஓடைக்குப் போவம்" என்றார் பத்மா ரீச்சர். "நீங்கள் இல்லாமல் நாங்கள் ஒரு குருவியையும் காணேல்லை."

கோபத்தோடேயே இறங்கினேன். ரீச்சர் என் வலப்பக்கம் நடந்தார். குரல் வந்தது, ஆளைக் காணவில்லை. தலையைத் திருப்பினால் வந்தார், விட்டால் போய்விட்டார். என் வலக்கையும் அப்படித்தான். என்னுடையதுதான், ஆனால் எப்போது கண்ணுக்குள் வரும் என்று தெரியாது. ஒரு மரத்தை இப்போது இரண்டு தரம் பார்க்கிறேன். முதலில் ஒரு பாதி, பிறகு மற்றப் பாதி. நடுவில் எவ்வளவு நேரம் போகிறது என்று தெரியவில்லை. திரும்புவதற்குள் குருவி போய்விடுகிறது. ஒருவேளை வந்தே இருக்காது.

இதை என் கையால்தான் எழுதினேன், ஒரு மாதமாக. எழுதி முடித்த வரி அடுத்த நிமிடமே யாரோ எழுதியதாகிவிடுகிறது. அதனால் என்ன எழுதினேன் என்று எனக்கே நிச்சயமில்லை. வாசுகியின் மகள் சஹானா சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறவள். அவளும் என்னைப்போல எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

சஹானா, இஞ்ச வா. என்ர வலப்பக்கம் இருக்காதை, இடப்பக்கம் இரு. இந்தத் தாளை முதலில இருந்து வாசி பாப்பம். ஆறுதலா, அவசரப்படாமல் வாசி. கண்ணாடிக் கதையையும் விடாமல் வாசி.