மேலே முதலில் வருவது

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘சதவீதம்’. பன்னிரண்டு கிளைகளில் காது மெஷின் விற்கும் நிறுவனம் அது. மாதாமாதம் இணைய விளம்பரப் பணத்தில் தேடலில் வரும் விளம்பரத்துக்கு எவ்வளவு, வீடியோவுக்கு எவ்வளவு என்று பிரிப்பது அவள் வேலை. பதினோரு வருடத்தில் யாருக்கும் தயவு பார்த்து அரை சதவீதம்கூடக் கூட்டிப் போட்டதில்லை. வீடியோ எடுப்பவர் அவளுடைய சொந்தத் தங்கையின் கணவர். அவரிடம் இன்னும் கொஞ்சம் கூடுதல் கறார். நாளைக்கு எவரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதே!

ஆறு மாதமாக அவளுடைய அறிக்கை ஒரே பாட்டைத்தான் பாடியது. தேடல் விளம்பரத்தைத் தட்டி வருபவர்கள் முன்பதிவு செய்கிறார்கள். வீடியோ பார்ப்பவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதை நம்பி முதலாளி வீடியோவையே நிறுத்தப் போகிறார். பதினோரு மணிக்குக் கூட்டம். முடிவாகிவிட்டால் தங்கை கணவருக்கு இந்த மாதத்தோடு வேலை போச்சு. தங்கைக்கு இது எட்டாம் மாதம் வேறு.

பத்தே காலுக்கு, எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று தேடல் விளம்பரத் தட்டல்களை மணிவாரியாகப் பிரித்தாள். பாதிக்கு மேல் காலை ஒன்பதிலிருந்து ஒன்பதே காலுக்குள். ஞாயிற்றுக்கிழமை ஈ, காக்கை இல்லை. காது கேட்காதவர்கள் என்ன, மணி அடித்ததும் வரிசையில் வந்து நின்றா தேடுவார்கள்? ஒன்பது மணிக்குக் கிளைகள் அல்லவா திறக்கின்றன, ஞாயிறு லீவு! உடனே ஒரு கிளைக்குப் போன் போட்டாள்.

“அக்கா, காலையில நம்ம சைட்டை எப்படித் திறக்குறீங்க?”

“நீங்க ட்ரெய்னிங்ல சொன்ன மாதிரிதான். கம்பெனி பேரை அடிச்சு, மேல முதல்ல வர்றதைத் தட்டுவோம். முந்தின நாள் போன்ல வந்த புக்கிங்கை எல்லாம் ஏத்துவோம்.”

மேலே முதலில் வருவது அவர்களுடைய விளம்பரமேதான். வீடியோவில் நம்பரைப் பார்த்துப் பெரியவர்கள் போன் செய்கிறார்கள். ஊழியர்கள் விளம்பரத்தைத் தட்டி உள்ளே போய் அதைப் பதிகிறார்கள். பெயர் தேடலுக்குப் போகிறது, தட்டலுக்குத் தட்டல் காசும் போகிறது. வாயைத் திறந்தால் தங்கை வீட்டுக்காக என்பார்கள். திறக்காமல் இருக்கலாமா? பாடம் எடுத்த புண்ணியவதியே அவள்தானே!

கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்படித் தட்டச் சொன்னது யாரு?”

“நான்தான் சார்.”

“வீடியோக்காரர் உங்க தங்கச்சி வீட்டுக்காரர் இல்ல?”

அவளுக்கு முகம் எரிந்தது.

“ஆமா சார். அதனால என்னை நம்ப வேண்டாம். ரெண்டு வாரம் நம்ம ஆளுங்க விளம்பரத்தைத் தட்டாம இருக்கட்டும். கணக்கை வேற யாராவது பார்க்கட்டும்.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“வீடியோ ரெண்டு வாரம் ஓடட்டும். பட்ஜெட் பிரிக்கிற வேலையை இன்னையிலருந்து வேற ஆள் பார்ப்பாங்க.”

“சரி சார்” என்றாள். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவாள்.

வெளியே தங்கை கணவர் கேமராப் பையோடு படியேறி வந்துகொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

“என்னக்கா, இந்த மாசமும் எங்க தலையில கையை வெச்சுட்டீங்களா?”

“இனிமே பிரிக்கிறது நான் இல்ல மாப்ள.”

“அப்பாடா” என்றார் அவர், மனசாரவே.