பேரணிக்கு மறுநாள்

கந்தர்வக்கோட்டைப் பேருந்து நிலையக் குழாயடியில் முருகேசன் கன்னத்திலிருக்கும் வானவில் சாயத்தைத் தேய்த்துக் கழுவுகிறான். எங்களைப் போன்ற தன்பாலீர்ப்பாளர்கள் ஆண்டுதோறும் சென்னையில் நடத்தும் பேரணியில் நேற்று இருவரும் கைகோத்து நடந்தோம். பல வருடமாக அங்கே ஒரே வீட்டில் இணையராக வாழ்கிறோம். இன்று இங்கே அவன் வீட்டார் அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள்.

"அன்னிக்கு அமெரிக்காவுல போலீஸ் அடிச்சப்ப நம்மள மாதிரி ஆளுங்க எதிர்த்து நின்னதுலதானே இந்தப் பேரணியே ஆரம்பிச்சுது? நீயும் முடியாதுன்னு சொல்லேன்."

"அடிச்சா எதிர்க்கலாம். எங்கப்பா கால்ல விழுறாரே, நான் என்ன செய்ய?"

அவனுடைய அண்ணன் பைக்கில் வந்து நிற்கிறார். என்னைப் பார்த்து, "இவரு யாருடா?" என்கிறார்.

"தெரியலண்ணே. கோட்டைப்பட்டினம் பஸ் எங்கிட்டு நிக்கும்னு கேட்டாரு."

"அந்தா, அங்கிட்டு நிக்கும் பாருங்க," என்று அண்ணன் அக்கறையோடு கைகாட்டுகிறார்.

நான் நன்றி சொல்லிவிட்டு, எனக்குத் தேவையில்லாத அந்தப் பேருந்தை நோக்கி நடக்கிறேன்.