கழுத்தில் இருந்த சிவப்பு மூடி

முதலில் தெரிந்தது காலில்தான். என் வீட்டுக்காரர் செஞ்சிக் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றினார். வார் இருந்த இடம் பள்ளமாகவே நின்றது. விரலால் அமுக்கிப் பார்த்தேன். பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி குழி விழுந்தது, எழும்பவில்லை.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உப்பு ரொம்ப ஏறிடுச்சும்மா" என்றார். அன்றிலிருந்து நான் குழம்பில் உப்பே போடவில்லை. அவரும் முகம் சுளிக்காமல் தின்றார். டாக்டர் சொன்னது சமையல் உப்பை இல்லையாம். அது கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, நம் பக்கம் அதையும் உப்பு என்றே சொல்கிறார்கள்). உங்கள் வீட்டில் இப்படிச் சொன்னால், எந்த உப்பு என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

இனி அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. அவர் விமானப்படையில் இருந்தவர். "பிளேன் ஓட்டினாரா?" என்று ஊரில் கேட்பார்கள். இல்லை. ஓட்டுகிறவர் ஏறுவதற்கு முன் எல்லாம் சரியா என்று பார்த்து அனுப்புகிற வேலை. "அப்ப மெக்கானிக்குதானா?" என்று என் நாத்தனார் புருஷன் ஒரு கல்யாணப் பந்தியில் இளக்காரமாகக் கேட்டார். "ஆமாண்ணா, அவுரு கை வைக்காம ஒன்னும் மேல போவாது" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

நிற்கிற பிளேனின் சக்கரம் மடங்காமல் இருக்க ஓர் ஊசி செருகியிருப்பார்களாம். ஊசி என்றால் கட்டைவிரல் தண்டி. மறக்கக் கூடாது என்று அதில் சிவப்பு ரிப்பன் தொங்கும். பறக்கப் போகும்போது அதைப் பிடுங்கி, ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியத் தூக்கிக் காட்ட வேண்டும். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் அவர் பஞ்சாப் பக்கம் இருந்தார். சைரன் ஊதினால் முதலில் ஊசியைப் பிடுங்கி பிளேனை அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு எதுவும் இல்லை என்றால்தான் பதுங்கு குழியில் போய்ப் படுக்கலாம். கூட வேலை செய்த ஒருவர் அந்தக் குழியிலேயே குண்டுபட்டுப் போய்விட்டார். "தலையத் தூக்கிப் பாத்தான்" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

விழுப்புரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். சிறுநீரக டாக்டர் ஒரு பெண். இரண்டு கிட்னியும் ஓய்ந்துவிட்டன, டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து திரும்ப விடுவது) உடனே வேண்டும் என்றார். கழுத்தில் கத்தீட்டர் (பெரிய ரத்தக் குழாய்க்குள் போகும் குழாய்) வைத்துத் தைத்தார்கள். வெளியே அது இரண்டாகப் பிரிந்து தொங்கியது. ஒன்றில் நீல மூடி, ஒன்றில் சிவப்பு மூடி.

மறுநாள் அவருக்குப் புத்தி தடுமாறியது. டெலிரியம் (நோயின் கடுமையில் கொஞ்ச நாள் மனம் குழம்புவது) என்றார்கள். மகளைப் பார்த்து, "நீ எந்த யூனிட்டு?" என்றார்.

"நைனா, நான் செல்வி" என்று அவள் அழுதாள்.

"செல்வின்னு இங்க யாரும் இல்ல."

காலையில் டாக்டர் சுற்றி வரும் நேரம். வெளியே ஆம்புலன்ஸ் ஊதிக்கொண்டு வந்தது. நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். திரும்புவதற்குள் சிவப்பு மூடியைப் பிடித்து இழுத்துவிட்டார். தையல் பிய்ந்து குழாய் முழுசாக வந்துவிட்டது. வாசலில் நின்ற டாக்டருக்குத் தெரியும்படி அதை உயரத் தூக்கிக் காட்டினார். முகத்தில் அப்படியொரு திருப்தி. கழுத்திலிருந்து ரத்தம் கொட்டியது. நர்ஸ் ஓடிவந்து அழுத்திப் பிடித்தாள். என் கையில் டம்ளர் அப்படியே இருந்தது.

"இன்னொரு தடவை இழுத்தா உயிருக்கு என்னால உத்தரவாதம் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். மறுபக்கக் கழுத்தில் புதுக் குழாய் வைத்தார்கள். கையிரண்டையும் கட்டிலோடு கட்டினார்கள். கட்டியது தப்பில்லை. ஆனால் மணிக்கட்டு தோலுரியும்வரை இழுத்தார். அவிழ்த்தாலும் பயம், கட்டினாலும் பயம்.

ஊசி விஷயத்தை டாக்டரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு, மூடியை வெள்ளைத் துணியால் சுற்றச் சொன்னார். அது வேறு வினையானது. "ரிப்பன் எங்க? யார்டா கழட்டினது?" என்று வார்டே அதிரக் கத்தினார். மறுபடி பிரித்தோம்.

அப்போதுதான் நான் அவரிடம் கேட்டேன். "பிளேன் நிக்கும்போது ஊசி இருக்கணும் இல்ல?"

"இருக்கணும்."

"இன்னிக்குப் பறக்கல."

"நீ யாரு அத சொல்றதுக்கு?"

இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளை யார் என்கிறார். டாக்டர் கட்டில் அருகே வந்து, விறைப்பாக நின்று, "ஃப்ளைட் கேன்சல்" என்றார்.

"சரி, சார்" என்றார் அவர். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் பக்கத்தில் இருந்தால் ஒரு கையை அவிழ்த்துவிடலாம் என்று அனுமதி கிடைத்தது. மதியம் மறுபடி சைரன். அவிழ்த்த கை மேலே எழுந்தது. பிடிக்கக் குனிந்தேன். அந்தக் கை கழுத்துக்குப் போகவில்லை. என் பின்தலையைப் பிடித்து மெத்தையில் அமுக்கியது.

"தலையத் தூக்காத."

தூக்கவில்லை. சைரன் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை. பினாயில் வாடையில் மூக்குப் புதைந்து கிடந்தேன். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அவர் எப்படிப் பயந்திருப்பார் என்று பேச்சில்லாமலே எனக்குத் தெரிந்தது.

புத்தி மெல்லத் தெளிந்தது. "கழுத்துல இன்னாடி இது?" என்று அவர் கேட்ட அன்று செல்வி வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். உங்கள் மனிதருக்கும் இப்படி ஆனால், அவர் என்ன வேலை செய்தவர் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கை எதைத் தேடுகிறது என்று அதில் தெரியலாம்.

கிட்னி மட்டும் திரும்பவில்லை. எங்களுக்கு இப்போது ஞாயிறு, திங்கள் கிடையாது. மெஷின் நாள், மெஷின் இல்லாத நாள், அவ்வளவுதான். அமாவாசையில் மேல்மலையனூர்க் கோயில் கூட்டம் பஸ்ஸில் நெருக்கும்போது, அவருடைய இடக்கையில் யாரும் இடிக்காமல் நான் குறுக்கே நிற்கிறேன். அந்தக் கையில் ஃபிஸ்டுலா (ஊசி போட வசதியாக இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்தது) இருக்கிறது. தொட்டால் உள்ளே கர்ரென்று அதிரும். அதிர்வு நின்றால் அடைத்துவிட்டது என்று அர்த்தம்.

தினமும் எழுந்ததும் தொட்டுப் பார்க்கிறேன். என் விரல்கள் மரத்துப்போனவை. இடம் அகப்படச் சற்று நேரமாகிறது. அந்த நேரத்துக்கு நீளமே சொல்ல முடியாது. வெளியே பால்காரன் சைக்கிள் மணி கேட்கும். நான் மூச்சு விட மாட்டேன்.

"ஓடுதாடி?" என்பார், கண்ணைத் திறக்காமல்.

இன்னொரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.