அமாவாசைக்கு வேன் பேசியது

கணக்குப் போட உட்கார்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். பக்கத்துப் போர்ஷனிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் அவர்களுடைய இரண்டு பெண்களும் வந்திருந்தார்கள். பேனாவோடு நான். களம்பூரில் கட்டிக்கொடுத்திருந்த அத்தை மட்டும் இல்லை. அத்தை அப்பாவுக்கு அக்கா. அவரை ஆள்கணக்கில் சேர்க்காமல் விட்டது என் முதல் தப்பு.

மகாபலிபுரம் போய்வர வேண்டும். அம்மா கடலைப் பார்த்ததே இல்லை. கல்யாணமான புதிதில் கூட்டிப்போவதாக அப்பா சொன்னாராம். அதற்குப் பிறகு நாலைந்து தடவை கிளம்பியும் இருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் காசு இழுக்கும், முதலில் அடிபடுவது கடல்தான். காஞ்சிபுரத்தோடு திரும்பிவிடுவோம். இந்தத் தடவை கட்டாயம் என்று அம்மாவுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

"ரெண்டு சேலை கூலி. அதுக்கு மேல ஒரு பைசா இல்ல. படிச்சவன், நீயே போடு" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்போது பி.காம். முதல் வருடம். ஒரு சேலை நெய்து கொடுத்தால் கூலி எழுநூறு, ஆக ஆயிரத்து நானூறு. செவ்வாய்க்கிழமை வேன் ஸ்டாண்டில் போய் விசாரித்தேன். கிலோமீட்டருக்கு நாலு ரூபாய் என்றார் டிரைவர். போக வர இருநூற்று அறுபது கிலோமீட்டர், ஆயிரத்து நாற்பது. பேட்டா எழுபத்தைந்து. ஏழு பேருக்கு டிபன், கோயில் செலவு, கைச்செலவு எல்லாம் சேர்த்து மிச்சம். மதியத்துக்குப் புளிசாதம் வீட்டிலிருந்து. ஒரு ரூபாய் கூடவுமில்லை, குறையவுமில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன்.

என்றைக்குப் போவது என்று யாரும் பேசவில்லை. பேச வேண்டியதே இல்லை. அமாவாசையன்றுதான் ஊரில் தறி ஓடாது. நாங்கள் எங்கே போனாலும் அன்றைக்குத்தான்.

முந்தின நாள் அட்வான்ஸ் கொடுக்கப் போனேன்.

"அமாவாசைக்கா? அஞ்சு ரூபா. பேட்டா நூத்தம்பது."

"செவ்வாக்கெழம கேட்டப்ப நாலுன்னு சொன்னீங்களே?"

"செவ்வாக்கெழம போறதுன்னா நாலுதான் தம்பி. அமாவாசைக்கு ஊரே வண்டி கேக்குது. இன்னா, ஊருக்குப் புதுசா?"

நான் பிறந்ததே இந்த ஊரில். மாதத்தில் ஒரு நாள் தெரு முழுக்கத் தறிச்சத்தம் நிற்பதைக் கேட்டே வளர்ந்தவன். காகிதத்தில் அது வரவில்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை போனால் என்ன என்று வீட்டில் கேட்டுப் பார்த்தேன். சித்தப்பா சிரித்தார். "மொதலாளி வந்து கேட்டா இன்னாடா சொல்றது? தறிய நிறுத்திட்டு அலை பாக்கப் போயிகினு இருந்தோம்னா?"

மறுநாள் விடியற்காலை வேனுக்குத் தேங்காய் உடைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்பும்போது அப்பா சொன்னார்: "அக்காவ உட்டுட்டுப் போனா காலத்துக்கும் சொல்லிகினே இருக்கும். களம்பூருக்கு உடு." கடல் கிழக்கே. களம்பூர் வேறு பக்கம். இருபத்தைந்து கிலோமீட்டர் தண்டம். நான் காகிதத்தை எடுத்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஏண்டா, கணக்கு எழுதுனது இவனாமே. படிக்க வச்சதுக்கு அத்தைய மொதல்ல கழிச்சிட்டான் பாரு." அவரைச் சமாதானப்படுத்தப் பூ, பழம், இனிப்பு என்று அறுபது ரூபாய். அத்தையும் மாமாவும் ஏறி உட்கார, ஏழு ஒன்பதானது.

காஞ்சிபுரம் போய்ச் சேரவே பத்து மணி. வழியிலேயே இருக்கும் அம்மனைப் பார்க்காமல் எப்படிப் போவது என்றார் அத்தை. அமாவாசைக் கூட்டம். வரிசையில் நின்று வெளியே வரும்போது மணி ஒன்றரை. டிரைவர் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மேல கடலுக்குப் போனா ஊர் சேர ராத்திரி ஆயிடும். ராத்திரி பேட்டா தனியா நூறு, சொல்லிட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். "எவ்ளோ ஆச்சு?"

இதுவரை ஆனதையும் இனி ஆகப்போவதையும் கூட்டிச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது.

"திருப்பு வண்டிய. கடல் எங்க போயிடப் போவுது? அடுத்த அமாவாசைக்குப் பாத்துக்கலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபத்தில். அம்மாவைத் தேடினேன். அவர் ஏற்கெனவே வேனில் ஏறி, காலையிலிருந்து சித்தப்பா விட்டுக்கொடுக்காத முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்கல்லாம் பஸ் புடிச்சுப் போங்க" என்றார். "நான் பாத்துட்டு வரேன்."

"இன்னாடி பேசற? ரெண்டு சேலைதான்னு சொன்னனே."

"தறியில உங்க பக்கத்துல உக்காந்து சேலைக் கரைக்கு நாடா வீசறது யாரு? ரெண்டு சேலையில ஒரு சேலை என்னுது. உங்க சேலைக்கு நீங்க சாமி பாத்துட்டீங்க. என் சேலைக்கு நான் கடல் பாக்கறேன்."

டிரைவர் பல் குத்துவதை நிறுத்தினார். அத்தைதான் முதலில் ஏறினார். "ஏறுடா பேசாம. பேஜார் பண்ணாத. அவ சொல்றது ஞாயம்தான?"

நாலரை மணிக்குக் கடல். அம்மா புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தார். "மெய்யாவே உப்புதான்" என்றார், இத்தனை வருடம் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தவர் போல. அதற்குப் பிறகு எத்தனை கூப்பிட்டும் கரைக்கு வரவில்லை. சித்தப்பா முப்பது ரூபாய் கொடுத்து எடுக்க வைத்த போட்டோவில் ஒன்பது பேரில் எட்டுப் பேர்தான் இருக்கிறோம்.

மறுநாள் தறியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், பேசிக்கொள்ளாமல். அம்மா ஊடுநூல் நாடாவை மறுபக்கம் தள்ளிவிட்டு, தலையைத் திருப்பாமலே என்னைக் கேட்டார்: "மொத்தம் எவ்ளோடா ஆச்சு?"

"மூணு சேலை" என்றார் அப்பா.

நான் காகிதத்தைப் பார்த்துச் சரியாகவே சொன்னேன். மூன்று சேலைக்கு மேலே முப்பத்திரண்டு. இரண்டாயிரத்து நூற்று முப்பத்திரண்டு ரூபாய்.