புளி போட்டுத் துலக்கிய முளை

புளியும் சாம்பலும் பித்தளையில் உரசும்போது எழும் வாடை மூக்கில் ஏறினாலே இன்றும் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுகிறேன். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவைக் கூட்டித் துடைக்கும் வேலை அம்மாவுக்கு. எனக்கோ அப்போது பத்து வயது, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படியேறியவள் என்ற தலைக்கனமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு பங்களாவுக்குப் போவேன்.

அங்கே முன்னறையில் மின்சாரத்தில் ஓடும் ‘பாட்டுப்பெட்டி’ இருந்தது. தட்டு சுழலும் பெட்டி ஒன்று, சத்தம் வரும் பெட்டி வேறொன்று. இரண்டையும் சேர்த்த கம்பியின் முனையில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளை முளை. அது கறுத்திருப்பதைக் கண்ட அம்மா, பித்தளை என்றால் புளி என்றே வளர்ந்தவள், அதைப் பிடுங்கி, குத்துவிளக்கைத் துலக்குவதுபோல அழுத்தித் துலக்கினாள். முளை பொன்னாய் மின்னியது. ஆனால் அதன் கழுத்து முறிந்து கம்பி தனியே வந்துவிட்டது.

“என்னக்கா, பாட்டுக்கும் புளிக்கொழம்பா வச்சீங்க?” என்று சிரித்த சமையற்காரர் மாணிக்கம், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். “நாலு மணிக்கு விருந்தாளிங்க வர்றாங்க. வந்ததும் தொரசாணி பாட்டுத்தான் போடுவாங்க.”

“பத்துச்சீட்டுதாண்ணே,” என்றாள் அம்மா. அந்தத் தாளைக் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்திவிட்டால், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய், சட்டிபானையோடு ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

பாட்டு ஊசிகள் வைத்திருந்த இழுப்பறையில், தாளில் சுற்றிய புது முளை ஒன்றைக் கண்டுபிடித்தேன். தாளில் ஒரு படமும் இங்கிலீசு வரிகளும் இருந்தன. எழுத்துக்கூட்டியதில், கம்பியின் இரண்டு இழைகளில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்கிற அளவுக்குத்தான் விளங்கியது.

“மாத்திப் பூட்டுனா கரண்டு அடிக்குமாடி?”

“தெரியலம்மா.”

மாணிக்கம் சுவரிலிருந்த விசையை அணைத்தார். காய் நறுக்கும் கத்தி நுனியால் திருகாணிகளைத் தளர்த்தி, படத்தில் இருந்தபடியே இரண்டு இழைகளையும் ஒன்றையொன்று தொடாமல் பூட்டினேன். திருகாணி இரண்டு தடவை கைநழுவித் தரையில் உருண்டது. பாட்டுப் போட்டுப் பார்க்க எங்கள் மூவருக்கும் துணிவில்லை.

நாலு மணிக்குக் கதவுக்குப் பின்னால் நின்றோம். முதலில் உர்ரென்று ஓர் உறுமல். அம்மாவின் நகங்கள் என் மணிக்கட்டில் இறங்கின. பிறகுதான் பாட்டு வந்தது.

அம்மா என்னை மெச்சுவாள் என்று நினைத்தேன். லயத்துக்கு இறங்கும் வழியில் அம்மா என் வாயைப் பொத்தினாள். “இங்கிலீசு படிச்சேன், நாந்தான் பூட்டுனேன்னு ஒரு ஆள்கிட்ட மூச்சு விட்ராத. கூலிக்காரி மக தொட்டான்னு தெரிஞ்சா அதுக்கும் சீட்டுத்தான்.” முறிந்ததற்கு நடுங்கியதைவிட, சரியானதற்கு அவள் அதிகம் நடுங்கினாள்.

துரை எப்போதோ சீமைக்குக் கப்பலேறிவிட்டார், பாட்டுப்பெட்டியும் அவரோடு போயிற்று. போன மழைக்காலத்தில் அம்மாவும் போய்விட்டாள். இனி எனக்காகப் பயப்பட யாருமில்லை. அதனால் எழுதுகிறேன், அதைப் பூட்டியது நான்தான்.