பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒரு திறப்பு

தயாபரனும் நானும் சுவிஸில் பாடன் நகரத்தில் ஒரே உணவகத்தில் வேலை. அவன் சமையல், நான் பாத்திரம் கழுவுகிறவன். சுவிஸ் கடவுச்சீட்டு கைக்கு வந்த வருடமே, கூட வேலை செய்யும் வெள்ளைக்காரன் கூப்பிட்டான் என்று துவக்குச் சுடும் கழகத்தில் போய்ச் சேர்ந்தான். ஐம்பது வயதில் வந்த ஆசை. பிழை சொல்ல மாட்டேன். சனிக்கிழமை முழுக்கச் சீட்டாடுவதைவிட அது மேல்.

அவன் மனைவி சுமித்ராவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஊரில் சண்டைக்குள் வெடிச்சத்தம் கேட்டே வளர்ந்தவள். "துவக்கை வீட்டிலை வைக்கிறதெண்டால் உங்களைத் தவிர ஒருத்தற்ரை கையும் படக்கூடாது. ஒருக்காப் பிசகினாலும் அது வெளியாலை போகோணும்" என்றாள். அவன் ஓம் என்றான்.

இரும்பு அலுமாரி வாங்கிச் சுவரோடு ஆணி போட்டு முடுக்கினான். துவக்கின் பின்பக்கம் இழுக்கும் இரும்புத் துண்டைக் கழற்றி வேறிடத்தில் பூட்டினான். ரவைகள் இன்னொரு பெட்டியில். கழகத்துக்குப் போகும்போதும் வெறும் துவக்கு உறைக்குள், ரவை தனியாக. ஒருநாள் கழகத்திலிருந்து அவனை நான் காரில் ஏற்றி வந்தேன். தமிழ்க் கடையில் நிறுத்தி மீன் வாங்குவோம் என்றேன்.

"இதைக் காருக்குள்ளை விட்டிட்டு மீன் பாக்கிறதோ? நேரை வீட்டை விடடா."

அன்று மீன் இல்லாமல்தான் சாப்பிட்டேன்.

அப்படிப்பட்டவன் மகள் மதுஜாவின் பிறந்தநாளன்று மாட்டுப்பட்டான். சுமித்ராவின் தம்பி ஜனார்த்தன் சூரிச்சிலிருந்து வந்திருந்தான்.

"அத்தான், உங்கடை துவக்கை ஒருக்காக் காட்டுங்கோவன்."

"ரோல்ஸ் தின்ன வந்தனியெல்லோ? தின்."

சிரித்தோம். ஜனார்த்தன் விடவில்லை. எழுந்து நேரே சாமித்தட்டுக்குப் போனான். பிள்ளையார் படத்துக்குப் பின்னால் கையை விட்டான். அலுமாரிச் சாவி, அந்தத் திறப்பு, கையோடு வந்தது. அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நம்முடைய ஆட்கள் வேறெங்கே வைப்பார்கள்? என் வீட்டுத் திறப்பும் அங்கேதான்.

தயாபரன் பாய்ந்து பறித்தான். அலுமாரியைத் திறக்க விடவில்லை. ஆனால் சுமித்ரா பார்த்துவிட்டாள். கேக் வெட்டி எல்லோருக்கும் கொடுத்த பிறகுதான் வாய் திறந்தாள். "நாளைக்கே கொண்டுபோங்கோ."

அவன் வாதாடவில்லை. மறுநாளே கழகத்துப் பூட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்தான்.

ஒரு மாதம் கழித்து நம்பர் பூட்டுப் போட்ட அலுமாரி ஒன்று வாங்கினான். தூக்கி வைத்தது நான். முதுகு இன்னும் நோகிறது. உள்ளே ஒன்றுமில்லை. சுமித்ராவைக் கூப்பிட்டு, "திறந்து பாரும்" என்றான்.

மதுஜாவின் பிறந்தநாளை அடித்தாள். திறக்கவில்லை. வீட்டு இலக்கம், அவன் பிறந்த வருடம், கடவுச்சீட்டு வந்த நாள். ஒன்றுக்கும் அசையவில்லை. கடைசியாக ஒன்றை அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கலியாண நாளும் இல்லையோ?"

"அது உமக்குத் தெரியுமே."

முறைத்தாள். பிறகு, "சரி, கொண்டு வாங்கோ. நம்பரை எனக்கும் சொல்லக்கூடாது" என்றாள்.

சனிக்கிழமை அவனையும் துவக்கையும் நான்தான் காரில் ஏற்றி வந்தேன். மீனை முதல்நாளே வாங்கி வைத்துவிட்டேன்.