கை இல்லாத டம்மிக்கு ஓகே ஆன பைக்கும் சாரதாமணி அக்காவும்

இன்னைக்கு அருள்புரத்துல முனீஸ் அண்ணன் மெக்கானிக் கடையில சாரதாமணி அக்காவைப் பாத்தேனுங்க. பஸ்சுக்கு நின்னவன், நாலு பஸ்சை உட்டுட்டு அவங்க பேச்சைக் கேட்டுட்டு நின்னுட்டேன். ஊட்டுக்குப் போற வரைக்கும் பொறுக்க முடியல, அதான் தட்டிட்டு இருக்கேன். தப்பு இருந்தா திருத்திப் படிச்சுக்கங்க.

அக்காவுக்கு நாப்பத்திமூணு வயசு, அஞ்சடி கூட இல்ல. ஒரு பனியன் கம்பெனியில ஃபாலோ-அப் வேலை. நிட்டிங்ல இருந்து டையிங், டையிங்ல இருந்து பிரிண்டிங்னு துணி பின்னாடியே பைக்குல சுத்தோணும். "நாளைக்குத் தர்றோம்"ங்கறவங்க முன்னாடி நின்னு இன்னைக்கே வாங்கிட்டு வரோணும். அதுக்கு முன்னாடி பதினாறு வருசம் அங்கயே ஓரம் அடிக்கற ஓவர்லாக் மெசின்ல டெய்லர். பழைய ஃபாலோ-அப் ஆளு ஒரு நாள் சொல்லாம கொள்ளாம வேலையை உட்டு நின்னுட்டாரு, கம்பெனி பைக் சும்மா கெடந்துச்சு. அக்கா மெசினை உட்டு எந்திரிச்சு "நான் ஓட்டறேனுங்க"ன்னாங்களாம். கல்யாணத்துக்கு முன்னாடி அமராவதி நகர் பக்கம் தோட்டத்துல பால் கேன் கட்டிட்டு பைக் ஓட்டுன கைங்க அது.

"மெசின்ல உக்காந்தா, மணிக்கு எத்தன பீசுன்னு முதுகுக்குப் பின்னாடி ஒருத்தர் நின்னு எண்ணிட்டே இருப்பாங்க கண்ணு. பைக்குல என்ற முதுகுக்குப் பின்னாடி துணி பண்டல் மட்டுந்தான். அது வாயத் தொறக்காது."

பிரச்சனை இடது கையில வந்துச்சு. கிளட்ச் லிவர் அக்காவோட விரலுக்கு எட்டல, நுனிவிரல்ல கொக்கி போட்டுத்தான் இழுக்கோணும். பல்லடம் ரோட்டு டிராஃபிக்ல அப்படி நாள் பூரா இழுத்தா கை என்னத்துக்கு ஆகும்? கட்டைவிரல் அடி வீங்கிப் போச்சு. ஒரு நாள் பிடி நழுவி, வண்டி துள்ளி, நேரா ஒரு டீக்கடை பெஞ்சுல போய் நின்னுச்சு. எச்.ஆர். சித்ராதேவி மேடம் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டாங்க: "மாசக் கடைசியில லோடு மேட்டுல ஒரு ட்ரயல் பாப்போங்க. வண்டி கைக்கு அடங்கலைன்னா திரும்பத் தையல் லைனுக்கே வந்துருங்க."

அதே வாரம் ஆர்டர் குடுக்கற வெளிநாட்டுப் பையர் ஒருத்தர் வந்து, "வண்டி ஓட்டறவங்க சௌகரியத்துக்கு என்ன பண்றீங்க"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. அன்னைக்குச் சாயங்காலமே கமிட்டி போட்டாச்சு. ஏழு பேரு. ஏழு பேரும் கார்ல வர்றவங்க. தலைவரு, ஆர்டர் வேலையெல்லாம் பாக்கற சீனியர் மெர்ச்சண்டைசர் மகுடேஸ்வரன் சார்.

நம்ம பனியன் ஊர்ல எது வந்தாலும் ஒரே வழிதானுங்களே. மெசர்மென்ட் சார்ட் போடு, ஃபிட் சாம்பிள் பண்ணு, கமென்ட் எழுது, அப்ரூவல் வாங்கு. பைக்குக்கும் அதே தான். புது சீட் தெச்சு மாட்டி, ஃபிட் பாக்கறதுக்கு டி-சர்ட்டு மாட்டற டம்மியைத் தூக்கிட்டு வந்து சீட்டுல கயிறு போட்டுக் கட்டியிருக்காங்க. கழுத்துல இருந்து இடுப்பு வரைக்குந்தான் அது. அக்கா பக்கத்துலயே நிக்கறாங்க.

"ஏனுங்க சார், இதுக்குக் கையே இல்லீங்களே."

"கை செகண்ட் ஃபிட்ல பாத்துக்கலாங்க. இப்பப் பாடி ஓகேவான்னு மட்டும் பாப்போம்."

பாடி ஓகே. ஏழு பேரும் கையெழுத்துப் போட்டாங்க.

செகண்ட் ஃபிட்ல கைப்பிடிக்கு, ஸ்வெட்டர் தெக்கற மெத்து மெத்து ஃப்ளீஸ் துணியில கவர். ரெண்டு பக்கமும் இழுத்தாப் புடிக்கற ரிப் பட்டி, நடுவுல கம்பெனி பேரு எம்ப்ராய்டரி. ஏழு பேரும் தடவிப் பாத்துச் சொக்கிப் போயிட்டாங்களாம்.

"சாஃப்ட்டா இருக்குதுங்ளா அக்கா?"

"சாஃப்ட்டாத்தானுங்க இருக்குது. பிடி தடிச்சுப் போய் லிவர் இன்னும் தள்ளிப் போயிருச்சுங்க. முன்ன நுனிவிரலாச்சும் பட்டுச்சு."

"அது ரெண்டு வாஷ் போனா செட்டாயிருங்க."

ட்ரயலுக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப, அக்கா நேரா முனீஸ் அண்ணன் கடைக்கு வந்துட்டாங்க. அண்ணனுக்குச் சங்கரன்கோவில் பக்கம்.

"யாரு யக்கா இது, வண்டிக்கு ஸ்வெட்டர் போட்டு வுட்டது?"

"கமிட்டிப்பா."

"அவ்வளவு குளிராவா இருக்கு உங்க கம்பெனியில?"

அப்புறம் அவர் வண்டியைப் பாக்கவே இல்லையாம், அக்காவைத்தான் பாத்தாராம். "ஏறி உக்காருங்க. கைய நீட்டுங்க. பிடிக்காதீங்க, சும்மா நீட்டுங்க." கை எங்க வந்து நிக்குதோ, அங்க ஹேண்டில்பாரைக் கொஞ்சம் பின்னாடி திருப்பினாரு. மணிக்கட்டு மடங்காம இருக்கற மாதிரி லிவரைக் கீழ சாய்ச்சாரு. காஞ்சு போன கேபிளைக் கழட்டிப் புதுசு போட்டு, ஆயில் உட்டாரு. உள்பக்கமா வளைஞ்ச லிவர் ஒண்ணும், மெல்லிசா ரப்பர் பிடியும் மாட்டினாரு. நடுவுல ஒரு டீயும் சேத்து முக்கா மணி நேரம். அந்த ஃப்ளீஸ் கவர்ல தான் இப்ப அண்ணன் செயின் தொடைக்கறாரு. நல்லா உறிஞ்சுதாம்.

இன்னைக்குக் காலையில ட்ரயல். கன்டெய்னருக்கு லோடு ஏத்தற சிமென்ட் சரிவு, பின்னாடி ரெண்டு பண்டல். பாதி மேட்டுல நிறுத்தி, பின்னால உருளாம திரும்ப எடுக்கோணும். ஒரு தடவை இல்ல, அஞ்சு தடவை எடுக்கச் சொல்லியிருக்காங்க. லைன்ல இருந்த டெய்லருங்க எல்லாம் ஜன்னல்ல. அஞ்சு தடவையும் வண்டி ஒரு சாண் கூடப் பின்னால போகல.

"வலிக்குதுங்களா அக்கா?"ன்னு சித்ராதேவி மேடம் கேட்டாங்களாம்.

"வீக்கம் இன்னும் வத்தலீங்க மேடம். பிடி உடலீங்க."

மேடம் லைனுக்கு மாத்தற லெட்டரை ஃபைல்ல இருந்து எடுத்து ரெண்டாக் கிழிச்சுப் போட்டாங்களாம். அந்தப் பக்கம் மகுடேஸ்வரன் சார் ரிப்போர்ட் எழுதிட்டாரு: ஃப்ளீஸ் கவரால பிடிமானம் கூடிருச்சு, எல்லா வண்டிக்கும் சிபாரிசு. ஏழு கையெழுத்தும் ரெடி.

இதைச் சொல்லி அக்கா சிரிச்சுட்டு இருக்கும்போதே டையிங்ல இருந்து போன் வந்துருச்சு. "வர்றேன் கண்ணு, சாயம் ஏறிருச்சாம்"னு ஏறி உக்காந்து, ரெண்டே விரல்ல கிளட்சை இழுத்து, பல்லடம் ரோட்டுல கலந்து போயிட்டாங்க. நான் அஞ்சாவது பஸ்சுல ஏறி, நின்னுட்டே இதைத் தட்ட ஆரம்பிச்சேனுங்க.

உங்க கம்பெனி ஃபாலோ-அப் ஆளுங்க கண்ணுல படற வரைக்கும் இதை ஷேர் பண்ணுங்க. ஓட்டறவங்க உக்காந்து பாத்துச் சொன்னாத்தான் ஓகேன்னு ஒரு வரி எழுதி, அப்படியே உங்க கம்பெனிக் கமிட்டிக்கும் அனுப்பி உடுங்க. கிளட்ச் எட்டாதவங்க முனீஸ் அண்ணனைப் போய்ப் பாருங்க. அருள்புரம் பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல, பஞ்சர் கடைக்குப் பக்கத்துல. ஞாயித்துக்கிழமை லீவுங்க.